தம்பியை எரிக்கப் போன ஊர்

என் தம்பி ரத்தினத்தை எரிப்பதற்காகத்தான் நான் இத்தாலிக்குப் போனேன். ஊர் பார்க்கப் போகவில்லை. ஆனாலும் போன இடத்தில் கண்ணை மூடிக்கொண்டு திரிய முடியாது. கண்டதை எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். எழுத்துக் கூட்ட நேரம் எடுக்கும். எடுக்கட்டும், எனக்கு அவசரம் இல்லை.

ரத்தினம் என்னைவிட ஆறு வயது இளையவன். சண்டை தொடங்கிய காலத்தில் நாட்டை விட்டுப் போனவன், இத்தாலியில் ஒரு பழைய கம்பஸ், பல்கலைக்கழகம், இருக்கிற ஊரில் தங்கிவிட்டான். சாப்பாட்டுக் கடைகளின் குசினியில் வேலை. கலியாணம் கட்டவில்லை. நடேசன் என்ற எங்கள் ஊர்ப் பக்கத்து ஆளோடு ஒரே அறையில் இருந்தான். ஒரு காலை, பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் விழுந்தான், அவ்வளவுதான். நடேசன் போன் எடுத்தபோது நான் ஆக்லாந்தில், பிளாட் புஷ்ஷில், வீட்டுக்குப் பின்னால் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டு நின்றேன்.

இரண்டு நாள் கழித்து அவன் மறுபடி எடுத்தான்.

"அக்கா, ஒரு விசயம் சொல்லோணும். ரத்தினண்ணையின்ர உடம்பைக் கம்பஸ் ஆக்கள் கொண்டு போட்டினம்."

"கம்பஸோ? ஏன்?"

"டொக்டருக்குப் படிக்கிற பிள்ளையள் வெட்டிப் பழகிறதுக்கு. தானே முந்தி எழுதிக் குடுத்திட்டார்."

நான் போனை வைத்துவிட்டேன். ஈரச் சட்டை கையில் இருந்தது.

கோயில் ஐயரிடம் மகன் சுதன் கூட்டிக்கொண்டு போனான். சாவுத் தீட்டு, துடக்கு என்று நான் உள்ளே போகவில்லை, வாசலில் நின்றேன். ஐயர் நல்ல மனுசர், வெளியே வந்து கதைத்தார்.

"அம்மா, உடம்பு இல்லையெண்டால் தர்ப்பைப் புல்லிலை ஒரு உருவம் செய்து எரிக்கலாம். சண்டையிலை காணாமல் போனவைக்கு அப்பிடித்தான் செய்தனாங்கள்."

"ஐயா, காணாமல் போனவனுக்குப் புல்லை எரிக்கலாம். இருக்கிறவனுக்கு எரிக்கேலாது."

"சரி. ஆனா உங்களுக்குத் துடக்கு மூண்டு நாள்தான். நீங்கள் கலியாணம் கட்டி வேற பகுதிக்குப் போனனீங்கள்."

அவர் சொன்னது முறைதான். ஆனால் ரத்தினத்துக்குப் பெண்சாதி இல்லை, பிள்ளை இல்லை, ஐயாவும் அம்மாவும் எப்போதோ போய்விட்டார்கள். நானும் மூன்று நாளில் முழுகிவிட்டு விளக்குக் கொளுத்தினால், அவன் செத்ததற்குத் துடக்குக் காக்க இந்த உலகத்தில் ஒருவரும் இல்லை. எரித்து முப்பத்தொன்றாம் நாள் கழியும் வரைக்கும் சாமியறைக் கதவைத் திறப்பதில்லை, நல்ல காரியம் எதிலும் நிற்பதில்லை என்று முடிவெடுத்தேன். எரித்தால்தானே நாள் எண்ணத் தொடங்கலாம்.

"தனியப் போய் என்ன செய்வியள் அம்மா? எனக்கு லீவு இல்லை. நீங்கள் கதைச்சா அங்கை ஒருத்தருக்கும் விளங்காது" என்றான் சுதன். அவனுக்கு ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு களஞ்சியத்தில் மேற்பார்வை வேலை.

"எனக்கு விளங்கினால் போதும்."

சேலைத் தலைப்பில் ஒரு பிடி பச்சரிசி முடிந்துகொண்டேன். வாய்க்கரிசிக்கு.

சுதன் எனக்குத் தெரியாமல் சக்கர நாற்காலிக்குச் சொல்லி வைத்திருந்தான். பிளேன் மாறுகிற இடத்தில் என் பெயரை எழுதிப் பிடித்துக்கொண்டு ஒரு பெட்டை நின்றாள். நான் அவளைக் காணாத மாதிரி நடந்தேன். அந்த விமான நிலையம் ஒரு ஊரளவு பெரியது. எங்கே பார்த்தாலும் தங்கக் கடையும் வாசனைக் கடையும். நடந்து நடந்து மூச்சு வாங்கி ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றபோது, நிலம் துடைத்துக்கொண்டிருந்த ஒருவன் தமிழில் கேட்டான்.

"எந்த ஊரும்மா? உங்களுக்கு வீல்சேர் போட்டிருக்குன்னு அந்தப் பொண்ணு தேடிட்டு இருக்கே, ஏன் நடக்கறீங்க?"

"காலிருக்குத்தானே மோனை."

"கால் இருக்கும்மா. பிளேன் இருக்காது."

அந்த நாற்காலியில் ஏறி இருந்தேன். தள்ளிக்கொண்டு போனபோது எதிரே வந்த ஒருவரையும் நான் பார்க்கவில்லை.

நடேசனை நான் அதுவரை நேரில் கண்டதில்லை. தலை முழுக்க நரைத்து, தோள் கூனி, பெரிய குளிர்ச் சட்டைக்குள் சின்னதாக நின்றான். என்னைக் கண்டதும் அழத் தொடங்கினான். "அழுறதை அங்கை போய் அழுவம்" என்றேன். எனக்கும் தொடங்கினால் நிற்காது.

ரயிலில் ஒரு மணித்தியாலப் பயணம் என்றான். ஸ்டேசனுக்குப் போனால் பலகையில் எல்லா ரயிலுக்கும் நேரே சிவப்பு எழுத்து. வேலைநிறுத்தம்.

"இந்த நாட்டிலை இது மழை மாதிரி அக்கா. சொல்லிப்போட்டும் வரும், சொல்லாமலும் வரும்."

ஆக்லாந்தில் ரயில் நின்றால் பதிலுக்கு பஸ் விடுவார்கள், மன்னிப்பும் கேட்பார்கள். இங்கே கேட்டவர்களுக்குத் தோளை உயர்த்திக் காட்டினார்கள். பின்னேரம் வரைக்கும் ஒரு வாங்கில் இருந்தோம். பக்கத்தில் என் வயது ஒருத்தி, கறுப்புச் சட்டைக்காரி, கடதாசிச் சுருளில் சுட்ட கொட்டை வைத்து உரித்துத் தின்றுகொண்டிருந்தாள். எனக்கும் நீட்டினாள். சுட்ட பலாக்கொட்டையின் அதே மாவுருசி. அவள் என்னவோ கேட்டாள், நடேசன் பதில் சொன்னான், அவள் நெஞ்சில் சிலுவை போட்டாள்.

"என்னவாம்?"

"ஆர் செத்ததெண்டு கேட்டா. தம்பியெண்டன். 'இளையது முந்திப் போறது மரியாதைகெட்ட வேலை'யெண்டு சொல்லுறா."

முதல் முறையாக எனக்கு அந்த நாட்டில் ஒரு ஆளைப் பிடித்தது.

ஒருவழியாக ஓடிய ரயிலில் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது நிலத்தில் இருந்து எழும்பின மாதிரிப் பனிப்புகார். வீதி விளக்குகள் மட்டும் தெரிந்தன. கடைகளுக்கு முன்னால் தூண் வரிசையும் மேலே வளைந்த கூரையும்; மழை பெய்தாலும் நனையாமல் ஊர் முழுக்க நடக்கலாம் என்றான் நடேசன். பிளாட் புஷ்ஷில் வீதி அகலம், வெயில் நல்லது, நடக்கத்தான் ஆள் இல்லை. இங்கே இருட்டு, ஈரம், ஆனால் சனம் நெருக்கியடித்துக்கொண்டு போகிறது. எல்லாம் இளம் பிள்ளைகள். கம்பஸ் ஊர்.

அறை நாலாம் மாடியில். லிப்ட் இல்லை. ரத்தினத்தின் கட்டிலை விரித்து வைத்திருந்தான். நடேசன் பருப்பும் கத்தரிக்காயும் சமைத்தான். அவர்களுடைய அரிசி குண்டு அரிசி, வடித்தால் கஞ்சி மாதிரி ஒட்டிக்கொள்கிறது. ரத்தினம் எத்தனை வருசம் இதைத் தின்றானோ. அவன் கட்டிலில் படுத்தேன். மெத்தை நடுவில் பள்ளம். பள்ளத்துக்குள் நான் சரியாகக் கிடந்தேன்.

அடுத்த நாள் கம்பஸுக்குப் போனோம். பழைய கட்டடம் ஊர் நடுவில் இருக்கிறது. உடம்பு வைக்கிற இடம் ஆசுபத்திரிக்குப் பின்னால் ஒரு புதுக் கட்டடம். பொறுப்பாக இருந்தவ ஒரு டொக்டர் அம்மா. ஐம்பது வயதிருக்கும், குட்டைத் தலைமயிர், காதில் ஒன்றுமில்லை. எழும்பி நின்று இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தா. நான் கையை இழுத்துக்கொண்டேன். நான் சண்டை பிடிக்கப் போனவள்.

"என்ரை தம்பியைத் தரச் சொல்லு" என்றேன் நடேசனிடம். "நாங்கள் எரிக்கிற ஆக்கள். ஆளை வெட்டிற ஆக்கள் இல்லை."

அவன் அதை எப்படி மாற்றிச் சொன்னானோ தெரியாது. அவ பொறுமையாகக் கேட்டுவிட்டு நீளமாகப் பதில் சொன்னா. நடேசன் சுருக்கினான்.

"அக்கா, அண்ணை தனக்கு உரித்தான ஆளாக என்ரை பேரைக் குடுத்திருக்கிறார். அது உங்களுக்குத் தெரியோணும். இன்னும் வகுப்புத் தொடங்கேல்லையாம். கிழமை முடிய முந்தி நானும் நீங்களும் சேர்ந்து வேண்டாமெண்டு கேட்டால், பிடிச்சு வைக்க மாட்டினமாம். தொடங்கினால் பிறகு ஒரு வருசம் மட்டிலை செல்லும். முடிஞ்சாப் பிறகு எரிக்கத் தருவினம்."

"அப்ப கேள்."

நடேசன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"முதலிலை ஆளைப் பாப்பம்" என்றேன்.

குளிர் அறை. இரும்புத் தட்டு. முகத்தை மட்டும் திறந்து காட்டினார்கள். தலையை மழித்திருந்தார்கள். மொட்டைத் தலையோடு அவன் ஐயாவைப் போலவே இருந்தான். கையில் ஒரு பட்டி, அதில் இலக்கம். பெயர் இல்லை. ஏன் பெயர் இல்லை என்று கேட்டேன். படிக்கிற பிள்ளைகளுக்குப் பெயர் சொல்வதில்லையாம், வயது மட்டும்தானாம்.

தலைப்பை அவிழ்த்து அரிசியை எடுத்தேன். டொக்டர் அம்மா மெல்ல என் மணிக்கட்டைப் பிடித்தா. வாயில் ஒன்றும் வைக்கக் கூடாது. நடேசன் சொல்ல முதலே எனக்கு விளங்கிவிட்டது. மற்றக் கையைத் தம்பியின் நெற்றியில் வைத்தேன். ஆள் மாதிரி இல்லை, கல் மாதிரி இருந்தது. "ரத்தினம்" என்றேன்.

வெளியே வந்தபோது அரிசி இன்னும் பொத்தின கைக்குள் இருந்தது. வாய்க்கரிசிக்கு எடுத்ததைத் திருப்பி வீட்டுக்குக் கொண்டு போகவும் முடியாது, உலையில் போடவும் முடியாது. மதிலோரத்தில் கொட்டினேன். புறாக்கள் வந்தன. நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.

சாப்பிட ஒரு கடைக்குக் கூட்டிப் போனான் நடேசன். எல்லாரும் நின்றுகொண்டு விரல் அளவு கோப்பையில் கோப்பி குடித்துவிட்டு ஓடினார்கள். எனக்கு ஒரு கதிரை பிடித்துத் தந்தான். இறைச்சி போடாத ரொட்டி கேட்டான். நடுவில் கத்தரிக்காயும் பாற்கட்டியும் வைத்துத் தந்தார்கள். எனக்கு இறங்கவில்லை.

அப்போது வீதியில் பெரிய கூச்சல். ஒரு பெடியனுக்குத் தலையில் பச்சை இலை மாலை. உடம்பில் உள்ளுடுப்பு மட்டும், நடுங்கும் குளிரில். கூட்டாளிகள் அவன் மேல் மாவும் முட்டையும் எறிந்து, பாட்டுப் பாடித் தள்ளிக்கொண்டு போனார்கள். வெட்டக் கொண்டு போகிற கிடாய்க்கும் எங்கள் ஊரில் இப்படித்தான் மாலை போடுவார்கள்.

"என்ன குற்றம் செய்தவன்?"

"குற்றமில்லை அக்கா, பாஸ் பண்ணியிட்டான். இண்டைக்குத்தான் பட்டம். இது இஞ்சத்தைய வழக்கம்."

"என்ன பாட்டு?"

"அது… அக்காவுக்குச் சொல்லேலாது. கூடாத பாட்டு."

அந்தப் பெடியனின் தாயும் பின்னால் பூங்கொத்தோடு வந்தாள். மகனைக் கண்டபடி பேசிப் பாடுகிறார்கள், அவள் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரிக்கிறாள்.

"ரத்தினண்ணை லீவு நாளிலை இஞ்சை வந்து நிப்பார்" என்றான் நடேசன். "இந்தக் கூத்தைப் பாக்க. நான் கேப்பன், என்னண்ணை, ஆரோ பெத்த பிள்ளை பாஸ் பண்ண நீங்கள் ஏன் நிக்கிறியளெண்டு. 'சும்மா இரடா, நான் எடுபட்டிருந்தால் எனக்கும் ஆரும் முட்டையாலை எறிஞ்சிருப்பாங்கள்' எண்டுவார்."

இதை வாசிக்கிற இளம் ஆட்களுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். நாங்கள் ஊரில் இருந்த காலத்தில் தமிழ்ப் பிள்ளைகள் டொக்டருக்குப் போக மற்றப் பிள்ளைகளைவிடக் கூடப் புள்ளி எடுக்க வேண்டும் என்று அரசாங்கம் ஒன்றைக் கொண்டு வந்தது. தரப்படுத்தல் என்று பெயர். ரத்தினம் சோதனையில் நல்லாகச் செய்தவன். பழைய கணக்கென்றால் அவன் டொக்டர். புதுக் கணக்கில் வெளியே. முடிவு வந்த அன்று புத்தகங்களைக் கட்டிப் பரணில் போட்டுவிட்டு வந்து சோறு கேட்டான். அழவில்லை. அதற்குப் பிறகு கம்பஸ் என்ற சொல்லை நான் அவன் வாயில் கேட்டதில்லை. மறந்துவிட்டான் என்றுதான் இருந்தேன்.

"உன்னட்டை என்ன சொல்லி எழுதிக் குடுத்தவன்?"

"ஒண்டும் பெரிசாச் சொல்லேல்லை அக்கா. அந்தக் கந்தோரிலை கையெழுத்து வைச்சிட்டு வெளியிலை வந்து, 'நடேசன், இந்த முறை புள்ளி கேக்கேல்லையடா' எண்டார்."

அந்த ரொட்டியை அப்படியே கடதாசியில் சுற்றி வைத்தேன்.

அன்றிரவு சுதன் போன் எடுத்தான். "என்ன மாதிரி அம்மா, தருவினமோ?" என்று கேட்டான். கேட்டால் தருவார்கள் என்றேன். "அப்ப கேளுங்கோவன்! எரிச்சுச் சாம்பலைக் கொண்டு வாங்கோ, மாமாவுக்கு இஞ்சை கடலிலை கரைப்பம்." அவன் சொன்னதில் பிழை இல்லை. நானும் அதற்குத்தான் போனேன்.

விடியப் பழைய கம்பஸைக் காட்டச் சொன்னேன். நானூறு ஐந்நூறு வருசத்துக்கு முந்தி ஆட்களை வெட்டிப் படித்த மண்டபம் ஒன்று அங்கே இருக்கிறது, காசு கட்டிப் பார்க்கலாம், அண்ணை பலமுறை போனவர் என்றான். போனோம். எல்லாம் மரம். கீழே ஒரு மேசை வைக்க மட்டும் இடம். அதைச் சுற்றி வட்டம் வட்டமாக மேலே மேலே ஒடுங்கின படிகள், மார்பு உயரத்துக்கு மரத்தடுப்பு. ஒரு ஆள் நிற்கலாம், இருக்க முடியாது. கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கிற மாதிரி நின்று பார்த்திருக்கிறார்கள். கூட்டிக்கொண்டு போன பெட்டை மற்றவர்களுக்கு விளக்கம் சொன்னாள், நடேசன் என் காதுக்குள் சொன்னான்: அந்தக் காலத்தில் தூக்கில் போட்டவர்களையும் கேட்க ஆளில்லாத ஏழைகளையும்தான் வெட்டினார்களாம். ஒருவரும் விரும்பி வந்ததில்லையாம்.

தடுப்பைப் பிடித்துக்கொண்டு கன நேரம் நின்றேன். கேட்க ஆள் இல்லாதவன் என்றுதானே ரத்தினத்தையும் நினைத்திருப்பார்கள் என்று நெஞ்சு எரிந்தது. கேட்க ஆள் இருக்கிறது என்று காட்டத்தான் நான் உலகத்தின் மறுமுனையில் இருந்து வந்தேன். காட்டியும் ஆயிற்று. இனி?

டொக்டர் அம்மாவிடம் திரும்பிப் போனோம். நடைபாதையில் வெள்ளைக் கோட்டுப் போட்ட பிள்ளைகள் ஒரு வரிசையாக நின்றார்கள். பத்தொன்பது, இருபது வயது. ஒருத்தி பயத்தில் நகம் கடித்துக்கொண்டு நின்றாள். இந்தப் பிள்ளைகளோ என்று கேட்டேன். ஓம், நாளை மறுநாள் தொடங்குகிறார்களாம்.

டொக்டர் அம்மா கதிரையை இழுத்துப் போட்டா. நான் இருக்கவில்லை. நடேசன் என்னைப் பார்த்தான்.

"கேக்கட்டோ அக்கா?"

"வேண்டாம்."

"என்ன?"

"அண்டைக்கு அவனைக் கம்பஸுக்கு வெளியிலை விட்டது அரசாங்கம். இண்டைக்கு உள்ளுக்குப் போனவனை நான் வந்து கையிலை பிடிச்சு வெளியிலை இழுக்கிறதோ? இருக்கட்டும்."

நடேசன் அங்கேயே சுவரில் சாய்ந்து அழுதான். டொக்டர் அம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அவவுக்குச் சொல்லு" என்றேன். "எனக்கு இது பிடிக்கேல்லையெண்டும் சொல்லு. வெட்டிறது பிடிக்கேல்லை. பேரில்லாமல் வைக்கிறது பிடிக்கேல்லை. முடிஞ்ச உடனை எனக்கு அறிவிக்கோணும். நான் உயிரோடை இருந்தால் வந்து எரிப்பன். இல்லாட்டி மகன் வருவான்."

அவ எல்லாவற்றையும் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினா. இந்த முறை நான் கையை இழுக்கவில்லை.

திரும்பி வருகிற வழியில் எழுத ஒன்றும் இல்லை. ரயில் ஓடியது. சக்கர நாற்காலிக்கு நானே சொல்லி இருந்தேன். ஆக்லாந்தில் இறங்கியபோது மண், விதை, இறைச்சி, சாம்பல் ஏதும் கொண்டு வந்தாயா என்று சோதிக்கிற பெடியன் கேட்டான். சாம்பல் என்று அவன் கேட்டானா, எனக்குத்தான் அப்படிக் கேட்டதா, தெரியவில்லை. ஒன்றும் இல்லை என்று கையை விரித்துக் காட்டினேன்.

சுதன் காரில் வைத்து என்னோடு நல்லாகச் சண்டை பிடித்தான். "இவ்வளவு தூரம் போய் வெறுங்கையோடை வந்து நிக்கிறியள். ஆரம்மா உங்கடை முடிவை விளங்கிக்கொள்ளுறது?" நான் வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். இங்கே கோடை, மரமெல்லாம் சிவப்பாகப் பூத்திருந்தது.

தை பிறக்க அவன் புது வீட்டுக்குக் குடிபூந்தான். அதே பிளாட் புஷ்ஷில், இரண்டு வீதி தள்ளி. பால் காய்ச்ச வேண்டியவள் தாய். ஐயர் போன் எடுத்து, "அம்மா, உங்களுக்குத் துடக்கு எப்பவோ கழிஞ்சுது, வாங்கோ" என்று இரண்டு தரம் சொன்னார். நான் போனேன், ஆனால் காரை விட்டு இறங்கவில்லை. மருமகளின் தாய் பால் காய்ச்சினா. ஓமப் புகைக்கு வீட்டு அலாரம் கத்தியது, ஆரோ கதிரையில் ஏறி அதைத் துவாயால் விசிறினார்கள், பிள்ளைகள் சிரித்தார்கள். கண்ணாடிக்குள் இருந்து எல்லாம் தெரிந்தது.

சுதன் ஒரு தட்டில் பொங்கலோடு வந்து கார்க் கதவைத் திறந்தான்.

"ஒரு வாய் சாப்பிடுங்கோ."

"வேண்டாம் ராசா. நல்ல காரியத்துச் சாப்பாடு."

"இன்னும் எவ்வளவு நாளைக்கெணை?"

"அவன்ரை வகுப்பு முடியுமட்டும்."

சுதன் தட்டையும் பிடித்துக்கொண்டு மற்றப் பக்கத்தால் சுற்றி வந்து, சாரதி இருக்கையில் ஏறி, கதவைச் சாத்திக்கொண்டு என் பக்கத்தில் இருந்தான்.